மெடிக்கலுக்கு வரும் குழந்தைக் காய்ச்சல், சளி, பேதி: கவுன்டரில் எது வரை?

#1 புதுடிப்ளமோ

டி.பார்ம் முடித்து முதன்முதலாகக் கவுன்டரில் நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு தயாரிக்கிறேன். பெரியவர்கள் மருந்துக்குப் புத்தகம் போதும், குழந்தை என்று வந்தால்தான் கை தடுமாறுகிறது. "காய்ச்சலுக்கு ஒரு சிரப் குடுங்க" என்று கேட்பவர் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருப்பார். குழந்தை வீட்டில் இருக்கும். முதலில் என்ன கேட்க வேண்டும், எதை எடுத்துத் தரலாம், எந்த இடத்தில் "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று நிறுத்த வேண்டும்? பொத்தாம்பொதுவாக இல்லாமல் அளவோடு சொல்லுங்கள்.

#2 தராசுமுள்

முதல் கேள்வி எடை. வயசு ரெண்டாவதுதான். "ரெண்டு வயசு" என்றால் 9 கிலோவும் இருக்கலாம், 14 கிலோவும் இருக்கலாம்.

எடை தெரியாது என்பார்கள். தடுப்பூசி அட்டையில் இருக்கும், அங்கன்வாடியில் மாதாமாதம் எழுதுகிறார்கள், போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தையைத் தூக்கி வந்திருந்தால் கடை எடை மிஷினிலேயே அம்மாவைக் குழந்தையோடு ஒரு தடவை, குழந்தை இல்லாமல் ஒரு தடவை நிற்கவைத்துக் கழித்துக்கொள்ளலாம். வயதை வைத்து எடை போடும் சூத்திரங்கள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

பாராசிட்டமால் கணக்கு: கிலோவுக்கு 15 மி.கி. ஒரு வேளைக்கு. அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் இடைவெளி, குறைந்தது 4 மணி. 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் கூடாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தப்பு நடப்பது பாட்டிலில்.

டிராப்ஸ் என்றால் 1 மி.லி.க்கு 100 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120, 125, 240, 250 என்று நாலு வகை கடையில் நிற்கும். 8 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள், தேவை 120 மி.கி. டிராப்ஸில் 1.2 மி.லி. 120 சிரப்பில் 5 மி.லி. 250 சிரப்பில் 2.4 மி.லி. மருந்து ஒன்றுதான், அளவு மூன்று.

போன தடவை "5 மி.லி. குடுங்க" என்று டாக்டர் சொன்னது அம்மா மனசில் பதிந்திருக்கும். இந்தத் தடவை கடைக்காரர் 250 சிரப்பை எடுத்து நீட்டினால் இரட்டிப்பு அளவு போகும். டிராப்ஸை நீட்டினால் 5 மி.லி.யில் 500 மி.கி., அதாவது அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே வாயில். சின்ன பாட்டில் என்றால் வீரியம் குறைவு என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நிஜம் நேரெதிர்.

#3 வெள்ளைக்கோட்டு

தராசுமுள் சொன்னதற்கு மறுபக்கமும் இருக்கிறது. டிராப்ஸ் அளவான 1.2 மி.லி.யை 120 சிரப்பில் கொடுத்தால் உள்ளே போவது 29 மி.கி. காய்ச்சல் இறங்காது. "இந்த மருந்து கேட்கல, வேற ஸ்ட்ராங்கா குடுங்க" என்று மறுநாள் வருவார்கள். அங்கேதான் மெஃபனமிக் ஆசிட் சிரப்போ, ஐபுப்ரோஃபென் கலந்த சிரப்போ கை மாறுகிறது. அளவு குறைந்ததுதான் பிரச்சினை, மருந்து மாறியிருக்கவே வேண்டாம்.

டெங்கு காலத்தில் இந்த மாற்றம் ஆபத்து. ஐபுப்ரோஃபென், மெஃபனமிக், ஆஸ்பிரின் எல்லாம் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வழி செய்யும். நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் எதையும் டெங்கு இல்லை என்று கவுன்டரில் நின்று சொல்ல முடியாது. அம்மை போட்டிருக்கும் குழந்தைக்கும், பேதியில் வறண்டிருக்கும் குழந்தைக்கும் ஐபுப்ரோஃபென் வேண்டாம். மெஃபனமிக் குறித்து 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையமே ட்ரெஸ் என்கிற கடுமையான ஒவ்வாமை பற்றி எச்சரிக்கை விட்டது. நிமெசுலைடு என்கிற காய்ச்சல் மருந்து 12 வயதுக்குக் கீழே 2011லேயே தடை. பழைய சீட்டைக் காட்டி யாராவது கேட்டாலும் கிடையாது.

இன்னொன்று: 99, 100 என்று அக்குளில் காட்டினால் மருந்தே தேவையில்லை. எண்ணைப் பார்த்து அல்ல, குழந்தை துவண்டிருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. தூங்குகிற குழந்தையை எழுப்பி மருந்து ஊற்ற வேண்டாம்.

#4 சீட்டுக்கட்டு

எல்லாம் சரி சார். ஆனா சனங்க கேக்குறது சளி மருந்து. "மூக்கு ஒழுகுது, ராத்திரி இருமிக்கிட்டே இருக்கான்"னு ஆறு மாசக் குழந்தைக்கு வந்து நிப்பாங்க. இல்லைன்னு அனுப்பினா எதிர்க் கடைல வாங்கிட்டுப் போவாங்க. குறிப்புல இதுக்கு என்ன எழுதப் போறீங்க?

#5 பேட்ச்நம்பர்

இல்லை என்று எழுதுவதைத் தவிர வழியில்லை அண்ணே.

2023 டிசம்பரில் வந்த உத்தரவுப்படி, குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளிக் கலவையை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும். 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் அனுப்பிய அறிவுறுத்தல் இன்னும் நேரடியானது: 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரை இல்லை.

அந்த அறிவுறுத்தல் ஏன் அந்த வாரத்தில் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப், எஸ்.ஆர். 13 பேட்ச். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சான டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படுவது 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப்புக்கு இனிப்பும் வழவழப்பும் தரச் சேர்க்கிற புரப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் இவற்றின் இடத்தில் தொழிற்சாலைத் தரச் சரக்கு புகுந்தால் இதுதான் கதி. பார்வைக்கும் ருசிக்கும் வித்தியாசமே தெரியாது. சென்னையில் 1970களின் தொடக்கத்திலும் இதே நஞ்சில் குழந்தைகள் போயிருக்கிறார்கள்.

சில்லறைக் கடை பாட்டிலைச் சோதித்துப் பார்க்க முடியாது. கடையால் முடிந்தது பில்லில் பேட்ச் எண் போடுவது. திரும்பப் பெறும் உத்தரவு வரும்போது யார் வீட்டில் எந்த பாட்டில் இருக்கிறது என்று தேட அது ஒன்றுதான் வழி. பில் இல்லாமல் விற்ற பாட்டில் அலமாரியில் உட்கார்ந்தே இருக்கும். மருந்து கொடுத்தபின் குழந்தை வாந்தி எடுத்து, மூத்திரம் குறைந்தால் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

#6 வெள்ளைக்கோட்டு

சுத்தமான சிரப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சளிக் கலவை பலவற்றில் பாராசிட்டமாலும் உண்டு. சளிக்கு அது, காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று என்று இரண்டும் வாங்கிப் போனால் பாராசிட்டமால் இரட்டிப்பு. லேபிளின் பெரிய எழுத்தைப் பார்க்காமல் கீழே உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள்.

சீட்டுக்கட்டு கேட்டதற்கு: வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. 0.65 சதவீத உப்புநீர் மூக்குச் சொட்டு இருக்கிறதே. பால் குடிக்கும் முன்பும் தூங்கும் முன்பும் ஒவ்வொரு நாசியிலும் இரண்டு சொட்டு. மூக்கடைத்த கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல்தான் அழுகிறது, பாதிப் பிரச்சினை அதில் தீரும். பெரியவர்களுக்கான 0.1 சதவீத சைலோமெட்டாசோலினை அதற்குப் பதில் எடுத்துத் தந்துவிடாதீர்கள், பெட்டி ஒரே மாதிரி இருக்கும். ஒரு வயதுக்கு மேல் என்றால் இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் தரலாம். ஒரு வயதுக்குள் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, பாட்டுலிசம் என்கிற நரம்பு நஞ்சு நோய் வரலாம்.

சாதாரணச் சளி இருமல் இரண்டு வாரம், சில பிள்ளைகளுக்கு மூன்று வாரம்கூட இழுக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நாலாம் நாள் ஆன்டிபயாடிக் கேட்டு வருவார்கள். இரண்டு வாரம் தாண்டியும் குறையாமல் இருமினால், எடையும் இறங்கினால் டி.பி. பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

#7 ஊர்நர்ஸ்

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிராமத்தில் சளி என்றால் முதல் வைத்தியம் அதுதான். இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், கொஞ்சம் வாயில் போனாலும் வலிப்பு வரும். கடையில் விற்கிற கற்பூரத் தைலங்களுக்கும் இதே விதி. வேது பிடிக்கிறேன் என்று கொதிக்கிற பாத்திரத்தின் முன் குழந்தையை உட்கார வைத்துச் சுட்டுக்கொள்வதும் நடக்கிறது.

சளியா நிமோனியாவா என்று கடையில் இருந்தே ஓரளவு பிரிக்கலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுக்குள் 40ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமூச்சு, உடனே டாக்டர். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், கிளம்பச் சொல்லுங்கள்.

#8 தராசுமுள்

பேதிக்கு வருவோம். என் கணக்கில் கடை உண்மையிலேயே உயிர் காப்பது இந்த ஒரு நோயில்தான், அதையும் டானிக் விற்றுக் கெடுத்துக்கொள்கிறோம்.

ஓ.ஆர்.எஸ்., அதாவது பேதியில் போன நீரை ஈடுகட்டும் உப்பு, குளுக்கோஸ் பொடி, இரண்டு அளவு பாக்கெட்டில் வரும். ஏறக்குறைய 21 கிராம் பெரியது, ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் சின்னது, 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பதுதான் மிகக் கொடுமையான தப்பு. லிட்டருக்கு 75 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகிவிடும், ரத்தத்தில் உப்பேறிக் குழந்தைக்கு வலிப்பு வரும். எதிர்த் தப்பு, பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கொட்டிக் கரைப்பது. பாதியில் உப்பு எவ்வளவு, குளுக்கோஸ் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது.

வீட்டு டம்ளரை நம்பாதீர்கள். காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கும், அதுதான் அளவு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். கரைத்தபின் சுட வைக்கக் கூடாது, சர்க்கரையோ பாலோ ஜூஸோ சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை தண்ணியாகப் போனதும், 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. "குடிச்சதும் வாந்தி எடுக்குறான்" என்பார்கள். மடமடவென்று ஊற்றியிருப்பார்கள். பத்து நிமிடம் விட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுத்தால் நிற்கும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பாடும் வழக்கம்போல.

#9 பேட்ச்நம்பர்

அட்டைப்பெட்டியில் வருகிற பழச்சுவைப் பானங்களைப் பற்றி ஒரு வரி சேருங்கள். "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மெடிக்கல் அலமாரியிலேயே நின்றன. ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் போராடியபிறகு, 2025 அக்டோபர் 14 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்தைப் பானங்களில் பயன்படுத்தக் கூடாது என்றது. உலக சுகாதார நிறுவனச் சூத்திரத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. அந்தப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு, சோடியம் குறைவு. சர்க்கரை மிகுந்தால் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும்.

#10 வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலயிருந்து. எங்கட பக்கம் ஓ.ஆர்.எஸ். எண்டா ஆருக்கும் விளங்காது, "ஜீவனி" எண்டு கேட்டாத்தான் எடுத்துத் தருவினம். அது ஒரு லீற்றருக்கான பைக்கற். நீங்கள் சொன்ன அதே பிழை இஞ்சையும் இருக்கு: ஒரு கோப்பைக்கு ஒரு பைக்கற். பாமசியில பைக்கற்றுக்கு மேல "1 லீற்றர்" எண்டு மார்க்கர் பேனையால பெரிசா எழுதிக் குடுத்தா நல்ல பலன்.

இளநி குடுக்கலாமோ எண்டு கேப்பினம். குடுக்கலாம், ஆனா ஜீவனிக்குப் பதிலா இல்லை. இளநியில பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு.

#11 ஊர்நர்ஸ்

துத்தநாகம் மறந்துவிட்டது. ஓ.ஆர்.எஸ். வாங்குகிறவர்களில் அதைக் கேட்டு வாங்குகிறவர் மிகக் குறைவு. 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி., மொத்தம் 14 நாள். பேதி முன்னாடியே நின்றாலும் பதினாலு நாளும் கொடுக்கணும். இந்தப் பேதி சீக்கிரம் அடங்குவதோடு, அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதும் குறையும். 14 மாத்திரை எண்ணிக் கொடுங்கள். ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ ஓ.ஆர்.எஸ்.ஸிலோ போட்டால் கரைந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டுமே இலவசம், பணம் இல்லாதவர்களுக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.

#12 சீட்டுக்கட்டு

பேதிக்கு ஓஃப்ளாக்சசின் கலந்த சிரப் கேக்குறாங்களே, அதையும் சொல்லிடுங்க. போன தடவை டாக்டர் எழுதுன பாட்டிலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க.

#13 பேட்ச்நம்பர்

போட்டோ சீட்டு ஆகாது. சின்னப் பிள்ளைகள் பேதியில் பெரும்பகுதி வைரஸ், ஆன்டிபயாடிக் அதில் பேதியைக் கூட்டத்தான் செய்யும். மலத்தில் ரத்தம் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், அதை முடிவு செய்வது டாக்டர். பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போடும் லோபரமைடை உடைத்துக் கொடுப்பதும் கூடாது, குடல் இயக்கமே நின்று வயிறு உப்பிவிடும்.

சட்டப்படியும் நினைவில் வையுங்கள். செஃபிக்சிம், செஃப்போடாக்சிம் போன்ற ஆன்டிபயாடிக் எல்லாம் எச்1 அட்டவணை, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியல், 2014 மார்ச் 1 முதல் நடைமுறை. எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் கலந்து கொடுக்கும் பொடியான குழந்தை டிரை சிரப்புக்கும் இதேதான், "சின்ன பாட்டில்தானே" என்று விலக்குக் கிடையாது.

#14 தராசுமுள்

டிரை சிரப் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. சீட்டோடு வந்த ஆன்டிபயாடிக்கூட வீணாவது இங்கேதான்.

பொடி பாட்டிலின் அடியில் இறுகிக் கிடக்கும். முதலில் மூடியோடு தட்டி உதிர்க்கணும். கூடவே தண்ணீர்க் குப்பி இருந்தால் அது, இல்லாவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர். வெந்நீர் கூடாது. பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை மீதி. கோட்டைத் தாண்டினால் எல்லா வேளையும் நீர்த்த மருந்து. நுரை உச்சியைக் கோடு என்று நினைத்தால் தண்ணீர் குறைந்து வீரியம் கூடும். முடிந்தால் கடையிலேயே கலந்து கொடுங்கள், வீடு ரொம்ப தூரம் என்றால் கோட்டை விரல் வைத்துக் காட்டுங்கள்.

அமாக்சிசிலின் கிளாவுலனேட் கலந்தபின் ஃபிரிட்ஜில், ஏழு நாள்தான். ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம், உள் தட்டில். ஃப்ரீசரில் கூடவே கூடாது. ஒவ்வொரு தடவையும் குலுக்கணும், இல்லையென்றால் முதல் நாள் தெளிவு, கடைசி நாள் வண்டல்.

இனி கணக்கு: 5 மி.லி. காலை மாலை, 5 நாள் என்று சீட்டில் இருந்தால் 50 மி.லி. பாட்டில் 30 மி.லி. ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினால் மூன்று நாளில் தீரும், "முடிஞ்சிருச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டு பாட்டில் கொடுங்கள், முதலாவது தீர்ந்தபின்தான் இரண்டாவதைக் கலக்கணும் என்று சொல்லுங்கள்.

#15 புதுடிப்ளமோ

அளக்கும் கருவி? மூடி, ஸ்பூன், பாலாடை என்று ஆளாளுக்கு ஒன்று.

#16 ஊர்நர்ஸ்

பாலாடை பாலுக்கு. சிரப் ஊற்றினால் வழவழவென்று ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், கோடும் கிடையாது. வீட்டு ஸ்பூன் 3 மி.லி.யும் பிடிக்கும், 7 மி.லி.யும் பிடிக்கும். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு, டிராப்ஸுக்கு 2 மி.லி. போதும். கடையிலேயே கோட்டில் மார்க்கர் வைத்துக் கொடுங்கள். நுனியில் சின்ன மூடி இருந்தால் கழற்றி எறிந்துவிட்டுத் தாருங்கள், தொண்டையில் மாட்டும். குழந்தையைத் தலை உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும்.

கொடுத்துக் கால் மணி நேரத்துக்குள் முழுசாக வாந்தி எடுத்தால் ஒரே ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டியிருந்தால் அடுத்த வேளைதான்.

#17 வெள்ளைக்கோட்டு

எப்போது மருந்தே தராமல் அனுப்புவது என்று முதல் பதிவிலேயே கேட்டிருந்தார். மூன்று மாதத்துக்குள் 100.4க்கு மேல் காய்ச்சல். எந்த வயதிலும் பால், தண்ணீர் எதுவும் குடிக்காதது, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு. கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் போவது, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாதது. காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் சில்லென்று ஆவது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெற்றோர் ஏமாறுவார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைதான் ஆபத்து.

வலிப்பு என்று ஓடி வந்தால்: ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதுவும் வைக்காதே, 108ஐக் கூப்பிடு. சாவிக்கொத்து, இரும்புக் கம்பியைக் கையில் திணிப்பதால் ஒன்றும் நிற்காது. சிரப் அந்த நேரத்தில் வாயில் போனால் நேராக நுரையீரலுக்கு.

#18 ஊர்நர்ஸ்

டாக்டர், மூன்று மாதக் கணக்கில் ஒரு விலக்குச் சொல்லணும். 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசி போட்ட அன்று வருகிற காய்ச்சலுக்கு நாங்களே பாராசிட்டமால் தருகிறோம். கடையில் டிராப்ஸ் கேட்டு வருகிற கைக்குழந்தைப் பெற்றோர் பலர் அதற்காகத்தான்.

#19 வெள்ளைக்கோட்டு

சரி, ஏற்கிறேன். அட்டையில் ஊசித் தேதியைப் பார்த்து, ஒரு நாள் இரண்டு நாளுக்குள் என்றால், குழந்தை நன்றாகப் பால் குடித்தால் தரலாம். 4.5 கிலோவுக்கு 0.6 மி.லி. டிராப்ஸ். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தால், பால் குடிக்காவிட்டால் ஊசி மேல் பழி போடாமல் ஆஸ்பத்திரி.

#20 சீட்டுக்கட்டு

சொறி சிரங்குக்கு ஒரு வரி. பெர்மெத்ரின் 5 சதவீதம் க்ரீம், ரெண்டு மாசத்துக்கு மேலதான். கழுத்துக்குக் கீழ முழு ஒடம்புக்கும், விரல் இடுக்கு, தொப்புள் விடாம; சின்னக் குழந்தைன்னா கண்ணு, வாய் ஓரம் தவிர தலை, முகத்துக்கும். ராத்திரி தடவி காலைல குளிப்பாட்டணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. வீட்டுல எல்லாருக்கும் ஒரே ராத்திரி தடவலைன்னா திரும்ப வரும், அப்புறம் "உங்க மருந்து சரியில்ல"ம்பாங்க. ஒரு ட்யூப் வாங்க வந்தவருக்கு வீட்டுல எத்தனை பேர்னு கேட்டுக் கொடுங்க.

#21 புதுடிப்ளமோ

நன்றி. கடைசியாக ஒன்று. சிரப் பாட்டிலில் ஒட்டுகிற சின்னச் சீட்டில் என்ன எழுதுவது? இப்போது "1 - 1 - 1" என்று மட்டும் கிறுக்குகிறார்கள்.

#22 தராசுமுள்

"1" என்றால் ஒரு மூடியா, ஒரு ஸ்பூனா, ஒரு மி.லி.யா? தமிழில், மி.லி.யில் எழுதுங்கள். 8 கிலோ பாப்பாவுக்கு இப்படி:

"காய்ச்சல் மருந்து, 120/5. ஒரு தடவைக்கு 5 மி.லி., சிரிஞ்சில். காய்ச்சல் இருந்தால் மட்டும். 6 மணி நேரம் விட்டு அடுத்தது. ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் இல்லை. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் டாக்டர். எடை 8 கிலோ."

கீழே தேதி போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பாட்டிலை எடுப்பார்கள், அப்போது குழந்தை 10 கிலோ இருக்கும்.